அண்ணிக்கு இது போதும்

"பொண்டாட்டிக்குச் சொந்த வூடு, அண்ணிக்கு வாடகை வூடா? நல்லா இருக்குது தம்பி உங்க நியாயம்!"

பூங்கோதை கரண்டியை டொக்கென்று வைத்தாள்.

சண்டை வீட்டுக்காக இல்லை, வலைப்பூவுக்காக.

மகள் பிறந்ததிலிருந்து இலவச வலைப்பூ ஒன்றில் எழுதி வருகிறாள். முதல் பல், முதல் பேச்சு, எந்தக் கஷாயத்தில் இருமல் நின்றது என்று நானூறு பதிவுக்கு மேல். அதை இணையத்தில் காசு கொடுத்து வாங்கும் சொந்த இடத்துக்கு, சொந்தப் பெயரில் மாற்ற வேண்டும் என்று ஆசை.

கொழுந்தன் பிரவீன்குமார் விருத்தாசலத்தில் பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவன். கம்ப்யூட்டரும் கொஞ்சம் தெரியும். "பண்ணிடலாம் அண்ணி" என்றவன், மறுநாளே "உங்களுக்கு இலவசமே போதும். எல்லாத்தையும் அவங்களே பாத்துக்குவாங்க" என்றான்.

அதோடு விட்டானா? அடுத்த வாரமே மனைவி வர்ஷினிக்கு இணையத்தில் இடம் வாங்கி, எல்லாவற்றையும் தானே நிறுவி, அவள் பெயரில் கோல வலைப்பூ திறந்து கொடுத்துவிட்டான்.

"அப்டேட்டு, பேக்கப்புன்னு அது பெரிய தலைவலி அண்ணி."

"நல்லூர் பட்டிக்காட்டு ஸ்கூல்ல படிச்சவளுக்கு அதெல்லாம் வராதுன்னு சொல்லுங்களேன்!"

வர்ஷினி தட்டைப் பார்த்துச் சிரித்துக்கொண்டாள். பூங்கோதைக்கு இன்னும் எரிந்தது. மீன் குழம்பில் பிரவீனுக்கு வால் துண்டுதான் விழுந்தது.

"தம்பிக்கு நடுத்துண்டு வையேன்" என்றான் கணவன் தர்மராஜ்.

"நடுத்துண்டு அவரு பொண்டாட்டி வைப்பா!"

மூன்று மாதம் வால் துண்டிலேயே போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பிரவீன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். வர்ஷினியின் வலைப்பூவில் ஒரு கோலம்கூட இல்லை. பக்கம் முழுக்கச் சூதாட்ட விளம்பரம்.

"எவனோ உள்ள பூந்துட்டான் அண்ணி. ஒரு அப்டேட்டைப் போடாம விட்டுட்டேன். எடுத்த நகலையும் அதே இடத்துலயே வெச்சிருந்தேன். அதுவும் போச்சு."

'வேணும் நல்லா' என்று பூங்கோதையின் மனதுக்குள் ஒரு குரல். வர்ஷினியைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

"அடிப்பாவி, அத்தனையும் போச்சா? சிரிச்சிக்கிட்டு நிக்கிறியே!"

"கோலம் போனா மறுபடி போட்டுக்கலாம்க்கா. பாப்பா மறுபடி மொத வார்த்தை பேசுவாளா? புதுச் சூளையில எடுத்த எடுப்புலயே நல்ல சரக்கை யாராச்சும் வெப்பாங்களா? அன்னைக்கு இவரு உங்களுதுல கை வெக்கத்தான் ஒக்காந்தாரு. சொன்னா நீங்க விடமாட்டீங்கன்னுதான் சொல்லல..."

"என்னடி சொல்லல?"

"மொதல்ல என்னுதுல போட்டு எல்லாத் தப்பையும் பண்ணிப் பழகுங்க, அப்புறமா அக்காவோடதைத் தொடுங்கன்னு சொன்னதே நான்தான்க்கா."