ஏழு நாற்பதுக்கு ஒரு ஓகே

“நான்தான்,” என்றான் கணவன். “டூட்டி முடிஞ்சு வந்ததும் கொஞ்ச நேரம் பஸ் கேம் ஓட்டினேன். அப்டேட் பண்ணவான்னு கேட்டுச்சு. ஓகேன்னு அமுக்கிட்டேன்.”

அவள் லேப்டாப்பைப் பார்த்தாள். முழுக்கக் கறுப்பு. மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருந்தது.

மணி ஒன்பது இருபது. பத்துக்கு வீடியோ இன்டர்வியூ. வேலை போய் ஏழு மாசத்துக்கு அப்புறம் வந்த முதல் அழைப்பு. லேப்டாப்பில் வரைந்து வைத்திருந்த மாடி வீட்டை அறை அறையாகச் சுற்றிக் காட்ட வேண்டும். எதில் காட்டுவது?

ஒரு நிமிஷத்துக்கு முன்னால் வரை அவளுக்குக் கை கால் ஓடவில்லை. எழுத்து மட்டும் தெரியும் திரையைத் திறந்து, பாஸ்வேர்டை மூன்று தடவை தப்பாக அடித்துவிட்டு, “போச்சு, நானே கெடுத்துக்கிட்டேன்” என்று புலம்பிக்கொண்டிருந்தாள்.

இப்போது புலம்பல் நின்றுவிட்டது.

“ராத்திரி பூரா பஸ் ஓட்டிட்டு வந்து, வீட்லயும் உட்கார்ந்து பஸ் ஓட்டுற ஒரே ஆள் நீங்கதாங்க.”

“அதுல ரோடு நல்லா இருக்கு.”

“பேசாதீங்க. இது லினக்ஸ். கண்டதையும் அப்டேட் பண்ணினா கிராபிக்ஸ் கார்டோட டிரைவர் மக்கர் பண்ணும். ஆயிரம் தடவை சொல்லியிருக்கேன்.”

“டிரைவரை மாத்திட வேண்டியதுதானே?”

“மாத்தத்தான் போறேன். வீட்ல இருக்கிற டிரைவரையும் சேர்த்து.”

பாஸ்வேர்டு ஒரே தடவையில் விழுந்தது. திட்டிக்கொண்டே பழைய டிரைவரைத் தூக்கினாள். திட்டிக்கொண்டே புதுசை ஏற்றினாள். ரீஸ்டார்ட்.

கறுப்பு. இன்னும் கறுப்பு.

சட்டென்று திரை முழுக்க மகளின் ஓட்டைப் பல் சிரிப்பு வந்து நின்றது. அவள் தினமும் பார்க்கிற அதே வால்பேப்பர்தான். அழுகையே வந்துவிட்டது.

ஒன்பது ஐம்பது.

பதினொன்றுக்கு அவள் அறையை விட்டு வெளியே வந்தபோது, அவன் யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் சோபாவில் உட்கார்ந்திருந்தான்.

“திங்கட்கிழமை வந்து சேரச் சொல்லிட்டாங்க.”

“அப்பாடா.”

“என்ன அப்பாடா? நல்லவேளை தப்பிச்சீங்க. எந்த அப்டேட்டால வந்த வினைன்னு பார்த்துட்டு வந்து மிச்சத்தைத் திட்டுறேன்.”

உள்ளே போய் அப்டேட் பதிவைத் திறந்தாள். இன்றைய தேதி. நேரம், காலை ஏழு நாற்பது.

அவன் வீட்டுக்கு வந்ததே எட்டரைக்கு.

ஏழு நாற்பதுக்கு அவள் மகளுக்குப் பின்னல் போட்டுக்கொண்டே லேப்டாப்பில் வீட்டுப் படத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் ஏதோ கேட்டு ஒரு பெட்டி வந்து படத்தை மறைத்தது. சனியன் என்று சீப்புக் காம்பாலேயே என்டர் பட்டனை ஒரு தட்டுத் தட்டினாள்.

மெதுவாக வெளியே வந்தாள்.

“ஓகே அமுக்கினது நான்தாங்க. அந்நேரம் நீங்க ரோட்ல இருந்தீங்க. எதுக்குப் பொய் சொன்னீங்க?”

அவன் ஷூவைக் கழற்றினான்.

“பாஸ்வேர்டையே மூணு தடவை தப்பா அடிச்சே. தன்மேலயே பயம் வந்துட்டா வண்டி ஓட்ட முடியாதும்மா. அடுத்தவன்மேல கோபம் வந்தா எப்படியாவது ஓட்டிடலாம். நீ கோபப்பட அந்த நேரத்துக்கு வீட்ல நான் ஒருத்தன்தானே இருந்தேன்?”