டிராக்டருக்கு வைத்த பொட்டு

புது டிராக்டர் கொட்டகைக்குள் வந்ததிலிருந்தே ஸ்பானருக்கு அதன்மேல் சந்தேகம்தான். திருகிப் பார்க்க ஒரு நட்டுகூட வெளியே தெரியவில்லை.

“மூடிக்குள்ள என்ன தம்பி வச்சிருக்கே?” என்று கேட்டது ஸ்பானர்.

“அதைக் கம்பெனிக்கு மட்டும்தான் சொல்வேன்,” என்றது டிராக்டர்.

ஆயுத பூஜை வந்தது. வீட்டுக்காரி செங்கமலம் சந்தனம் குழைத்து எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். ஸ்பானருக்குச் சின்னதாக ஒன்று. டிராக்டரின் நெற்றியில் பளபளவென்று ஒரு கண்ணாடி வட்டம் இருந்தது. பெரிய பொட்டை அந்த வட்டத்தின் மேலேயே வைத்தாள்.

மறுநாள் காலை அவள் புருஷன் மருதையன் சாவியைத் திருப்பினான். வண்டி அசையவில்லை, சிவப்பு விளக்குதான் எரிந்தது. வயலில் இன்னும் சேறடிக்கவில்லை. பறித்த நாற்றோ வரப்பில் வாடிக்கொண்டிருந்தது.

“என்னடா ஆச்சு உனக்கு?” என்றது ஸ்பானர்.

“என் கண்ணை மறைச்சுட்டாங்க. என்னைத் திருடப் பார்க்கிறாங்க. கம்பெனிக்குத் தகவல் சொல்லிட்டேன். அவங்க ஆள் வராம நகர மாட்டேன்.”

“அட, அது சந்தனம்டா! உன்னைக் கும்பிட்டிருக்காங்க.”

“திருட வர்றவன் கும்பிடு போட்டுக்கிட்டுத்தான் வருவான்,” என்றது டிராக்டர்.

மருதையன் துண்டை எடுத்துப் பொட்டை அழுத்தித் துடைத்தான்.

“பார்த்தியா? தடயத்தை அழிக்கிறாங்க!”

துடைத்தும் வண்டி கிளம்பவில்லை. “எந்தப் பாவி கண்ணு பட்டுச்சோ!” என்று புலம்பிக்கொண்டே செங்கமலம் பூசணிக்காய்மேல் சூடம் ஏற்றி, டிராக்டருக்குச் சுற்றிப்போட வந்தாள்.

டிராக்டர் ஹாரனை அடித்துக்கொண்டு அலறியது.

“ஐயோ, தீ வைக்கிறாங்க!”