இரண்டு பிடி கச்சான்

பாத்தியைக் கிளறிப் பார்த்த குலசேகரம் அப்படியே குந்திவிட்டார். ஊன்றிய கச்சான் கடலையில் ஒன்றுகூட மண்ணுக்குள் இல்லை.

விதை முளைத்ததா என்று தினமும் காலையில் தோண்டிப் பார்ப்பது அவர் வழக்கம். பினாங் துறைமுக ஆபீசில் கிளார்க். பேனாவைத் தவிர வேறொன்றையும் பிடித்தறியாதவர். பயிர் வைக்காத வீட்டுக்கு அரிசியை வெட்டுவோம் என்று, ஊரைப் பிடித்த ஜப்பான்காரன் உத்தரவு போட்ட பிறகுதான் மண்வெட்டியைத் தொட்டார்.

முதல் தடவை அவர் ஊன்றியது, சுங்கை பினாங் கடைத்தெருவில் பொட்டலம் கட்டி விற்ற கச்சான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்த ஆசியா பீவி சிரித்துவிட்டாள்.

"அண்ணே, அது வறுத்த கடலைல்ல? வறுத்தது எங்கண்ணே மொளைக்கும்?"

அந்தச் சிரிப்பு அவருக்கு இன்னும் ஆறவில்லை. ஆனாலும் ஃபெர்ரி ஏறி, புக்கிட் மெர்தாஜாம் சந்தையில் கலியாண வேட்டியைக் கொடுத்து, பச்சைக் கச்சான் இரண்டு பிடி வாங்கி வந்தார். அதுதான் இப்போது காணாமல் போயிருந்தது. மழைக்காலம் முடிந்ததும் தோட்டம் பார்க்கிற அதிகாரி வந்துவிடுவார்.

"எலியா இருக்கும்," என்றாள் மனைவி ஞானாம்பிகை, இடுப்பிலிருந்த பிள்ளையை மாற்றி வைத்துக்கொண்டு.

"எலி தோண்டிப்போட்டு, மண்ணைத் தடவி மட்டமாக்கிவிட்டுப் போகுமோ?"

அப்போதுதான் நேற்று இரவுக் கஞ்சி நினைவுக்கு வந்தது. மரவள்ளிக் கஞ்சியில் கச்சான் பல்லில் பட்டது. ஏதென்று கேட்டதற்கு, பீவி அக்கா தந்தவ என்றாள் ஞானாம்பிகை. அவரும் ருசியில் மயங்கி, இன்னும் ஒரு அகப்பை கேட்டு வாங்கிக் குடித்தார்.

"என்ர விதையைக் களவெடுத்து, எனக்கே கொஞ்சம் கிள்ளிப் போட்டிருக்கிறாள்," என்று வேலிப்பக்கம் விறுவிறுவென்று நடந்தார்.

"இஞ்சேருங்கோ, வேண்டாம். அக்கம்பக்கம் கேக்கும்." ஞானாம்பிகை பின்னால் ஓடினாள்.

ஆசியா பீவி மண் கொத்திக்கொண்டிருந்தாள். புருஷன் நாகூர் மீரானைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துக்கொண்டு போன பிறகு வீட்டில் அவளும் இரண்டு சிறுசுகளும்தான். நட்ட மரவள்ளியெல்லாம் பிடுங்கித் தின்று தீர்ந்துபோய், அடுத்த விதைப்புக்குப் பாத்தியைப் பதப்படுத்திக்கொண்டிருந்தாள்.

"நேற்று என்ர மனுசிக்குக் கச்சான் குடுத்தனியோ?"

"கடலையா? நானா?"

பீவியின் பார்வை அவர் தோளைத் தாண்டிப் பின்னால் போனது. அங்கே ஞானாம்பிகை பிள்ளையை இறுக அணைத்தபடி நின்றாள்.

"ஆமாண்ணே, குடுத்தேன்," என்றாள் பீவி.

"எங்க எடுத்தது?"

"ஒங்க பாத்தியிலதான்."

மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போனாள். ஒரு தகர டின்னோடு வந்து வேலிக்கு மேலாக நீட்டினாள். டின் நிறையப் பச்சைக் கடலை.

"இத ஊனிக்குங்க. ரொம்ப ஆழம் வேணாம். தோண்டித் தோண்டிப் பாக்காம மட்டும் இருங்கண்ணே."

களவும் எடுத்துவிட்டு எனக்குப் புத்தியும் சொல்கிறாள் என்று முணுமுணுத்தபடி அவர் டின்னை வாங்கிக்கொண்டார். அன்றைக்கே ஆபீஸ் முழுக்கச் சொன்னார். கடைத்தெருவிலும் சொன்னார். அதன் பிறகு பீவி தெருவில் வந்தால், காயப்போட்ட மரவள்ளியைப் பெண்கள் உள்ளே எடுத்து வைத்தார்கள்.

இந்தத் தடவை கச்சான் முளைத்தது. குலசேகரம் திருந்திவிட்டார் என்றில்லை. ஞானாம்பிகை பாத்தியைச் சுற்றி முள்ளை வெட்டிப் போட்டு அடைத்திருந்தாள்.

மழைக்காலம் முடிந்தது. அதிகாரி வந்தபோது செடியெல்லாம் மஞ்சள் பூவாக நின்றது. குலசேகரம் இடுப்பு மடிய வணங்கினார். அதிகாரி தலையை ஆட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

பீவியின் பாத்தியில் கொத்திய மண்தான் கிடந்தது. அவளுக்குத் தருகிற அரிசியைப் பாதியாக வெட்டிவிட்டார்கள்.

"களவெடுத்தவளுக்குக் கடவுள் குடுத்த கூலி," என்றார் குலசேகரம், வணங்கியதில் பிடித்துக்கொண்ட முதுகைத் தடவியபடி.

ஞானாம்பிகை அரிசிப் பானையைத் திறந்து, இருந்ததில் பாதியை ஒரு சட்டியில் அள்ளினாள். சட்டியை எடுத்துக்கொண்டு வேலிப்பக்கம் திரும்பினாள்.

"அரிசியை எங்க கொண்டு போறாய்? அந்தக் கள்ளிக்கோ?"

அவள் நின்றாள்.

"கள்ளி நான்தான். பிள்ளை பசியில அழுது அடங்கேல்லை. அன்றைக்கு நீங்கள் ஆபீசுக்குப் போன பிறகு பாத்தியைத் தோண்டினது நான். பீவி அக்கா வேலிக்கு அங்கால நின்று பார்த்தவ. உங்களுக்குப் பயந்து இவ்வளவு நாளும் வாயை மூடிக்கொண்டு இருந்திட்டன்."

ஞானாம்பிகை முந்தானையால் சட்டியை மூடினாள்.

"நீங்கள் கேட்டு வாங்கிக் குடிச்ச கஞ்சி என்ர களவு. உங்கட பாத்தியில பூத்து நிக்கிறது அவவின்ர விதை."