பச்சை மரச் சட்டம்

வாசலில் வெட்டிய மரக்கிளையிலேயே படத்துக்குச் சட்டம் போடச் சொன்னேன்.

“பச்சை மரம்ங்க. காயறப்ப மூலையெல்லாம் வாயைப் பிளந்துக்கும்” என்றார் தச்சர். நான் கேட்கவில்லை.

மகள் வரைந்த படம் அது. ஓரத்தில் நாய், பக்கத்தில் நான், அப்புறம் மனைவி, மகள்.

மூலைகள் பிளக்கவில்லை. சட்டம்தான் உள்ளே நகர்ந்தது. நாயின் வால் மறைந்தது, பிறகு நாயே மறைந்தது. அன்று எங்கள் நாய் வீடு திரும்பவில்லை.

“எந்த நாய்ப்பா?” என்றாள் மகள்.

இன்று காலை சட்டம் என் தோளைத் தொட்டிருந்தது. மாலையில் தச்சரைக் கையோடு கூட்டிவந்தேன்.

கதவைத் திறந்த மனைவி அவரிடம், “வாங்க. இவர் யாரு, உங்க ஆளா?” என்றாள்.

பின்னால் சுவரில் படம் தெரிந்தது. சட்டத்தின் விளிம்பில், அவள் கையைப் பிடித்தபடி என் விரல்கள் மட்டும் மிச்சமிருந்தன.