மிதிப் பலகை

ஜவ்வாது மலையிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த தையல் மிஷினின் தலைப்பாகத்தை, போளூரில் பாண்டுரங்கனின் ரிப்பேர் கடையில் இறக்கி வைத்தார் சடையன். அது 1978 ஐப்பசி. தீபாவளிக்குப் பத்து நாள் இருந்தது.

"இதைக் கையால சுத்தற மாதிரி மாத்திக் குடுங்க."

"கால் மிஷின் நல்லாத்தானே ஓடுது? கையால சுத்தினா, இன்னொரு கையாலதான் துணியைத் தள்ளணும். வேலை பாதிதான் ஆவும்."

"பரவால்லீங்க."

"யாரு தைக்கறது?"

"எங்க வூட்டுக்காரி. ஊர் துணியெல்லாம் அவகிட்டதான் கெடக்குது."

பாண்டுரங்கன் குரலைத் தாழ்த்தினார்.

"அவங்க காலுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலீங்க. தெனம் வெறகு சொமந்துகினு வர்றா."

பாண்டுரங்கன் பழைய சக்கரத்தைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி வைத்த சக்கரத்தை மாட்டினார். துண்டுத் துணியில் ஓட்டிப் பார்த்தார். தையல் நேராக விழுந்தது.

"மிதிக்கற ஸ்டாண்டு இனிமே வூட்ல சும்மாத்தானே கெடக்கும்? கொண்டாந்து போடுப்பா. யாருக்காவது ஆவும்."

"அதை எடுக்க அவ வுடமாட்டாளுங்க."

சடையன் தலையைக் குனிந்துகொண்டார்.

"எங்க பொண்ணு அந்த மிதிப் பலகை மேல தலைய வெச்சுத்தான் தூங்கும். ரெண்டு வயசு. ஆடி மாசம் காய்ச்சல்ல போய்டுச்சு. இவ இப்பவும் தைக்க ஒக்காந்தா, 'தள்ளிப் படு கண்ணு'ன்னு சொல்றா. சொல்லிட்டு, கால வைக்காம காத்துகினே இருக்கா."