வெள்ளைப் பட்டு

துணிக்கடை விளக்கில் விற்பனைக்காரி விரிக்கும் வெள்ளைப் பட்டு கண்ணைக் கூசவைக்கிறது. மாதவிடாய் நிற்க டாக்டர் தந்த ஹார்மோன் மாத்திரையை வேளை தவறாமல் விழுங்கியும், மூட மறந்த குழாய்போல் அவளுக்கு இரத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. வேலை நேரத்தில் யாரும் உட்காரக் கூடாதென்பது கடைச் சட்டம்.

“தலை சுத்துது முதலாளி, கொஞ்சம் உட்கார்ந்துக்கிறேன்.”

கல்லாவில் மெத்தை நாற்காலி கிறீச்சிடுகிறது. “அதான் மாத்திரை போடுறியேம்மா, இன்னும் என்ன சாக்கு?”

அவள் கையிலிருந்த முழக்கோல் மேசையில் சடாரென்று விழுகிறது. “மாத்திரை போட்டும் கொட்டுதுன்னுதானே சொல்றேன்!” பட்டுக்கட்டைத் தரையில் போட்டு, அதன்மேலேயே உட்காருகிறாள்.

முதலாளி துள்ளி எழுகிறார். “ஐயோ, கறை பட்டா எவன் வாங்குவான்? எந்திரி!”

“எந்திரிக்கிறேன். அந்த நாற்காலியை இங்க தள்ளுங்க.”

அவர் பட்டைப் பார்க்கிறார். நாற்காலியைப் பார்க்கிறார். அவள் முகத்தை மட்டும் இன்னும் பார்க்கவில்லை.