அம்மா கல்யாணத்துக்கு நான் சாட்சி

"முப்பது வருஷமா உங்களுக்கு ரொட்டி சுட்டவ கன்னியா? படிவத்துல அப்படி எழுதினது எந்தக் கண்ணு தெரியாதவன்..."

"கத்தாதடி லக்பத்தியா, உள்ளே துரை..." என்று அம்மாவை அடக்கினார் அப்பா.

"கேக்கட்டும். ஏழு பெத்த கன்னி எப்படி இருப்பான்னு அவரும் வந்து பாக்கட்டும்."

பெனால் ஊரில், கல்யாணம் பதிகிற வார்டன் அலுவலகத்தில் அன்று என் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கல்யாணம். மூத்த மகள் நான்தான் சாட்சி. என் இடுப்பில் என் இரண்டாவது பிள்ளை.

டிரினிடாடில் கரும்பு வெட்ட அப்பாவைக் கல்கத்தாவில் கப்பலேற்றியபோது அரசாங்கம் அவர் உயரத்தை அளந்தது. முழங்கால் தழும்பை எழுதியது. நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தது.

இங்கே மூங்கில் பந்தலில், பண்டிதர் முன்னால், அம்மாவின் வகிட்டில் அவர் சிந்தூரம் வைத்ததை எழுத மட்டும் அதனிடம் மை இல்லை.

பதியாத கல்யாணம் கல்யாணமே இல்லை. ஆகவே நாங்கள் ஏழு பேரும் தகப்பன் இல்லாமல் பிறந்த அதிசயங்கள்.

போன மாதம் வரை இது யாரையும் உறுத்தவில்லை. பக்கத்து வயல்காரர் சூரஜ் செத்தார். சட்டப்படி அவர் மனைவி யாரோ, பிள்ளைகள் யாரோ. நெல் வயல் மாட்சிமை தங்கிய மன்னருக்குப் போயிற்று. மன்னர் நாற்று நட வருவார் என்று இன்னும் காத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் மூன்று ஏக்கரும் அப்படியே போய்விடும் என்று நச்சரித்து, அம்மாவை இழுத்து வந்துவிட்டார்.

ஆல்சிட் என்ற குமாஸ்தா படிவத்திலிருந்து தலை நிமிரவில்லை. மணமகன் பெயரை அம்மாவிடம் கேட்டார். புருஷன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் எங்களிடம் இல்லை. அம்மா என்னைப் பார்த்தாள்.

"ராம்கேலவன்" என்றேன்.

அப்பா தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டார். மாப்பிள்ளை அல்லவா.

"இவரைக் கட்டிக்க உனக்குச் சம்மதமாம்மா? சம்மதம்னா கைநாட்டு வை."

மை தடவிய கட்டைவிரல் காகிதத்துக்கு மேலே நின்றது. மூங்கில் பந்தலில் இதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அப்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

"இல்லேன்னும் சொல்லலாமா ஐயா?"

"சொல்லலாம். அதுக்குத்தானே கேக்கறது."

"வைடி" என்றார் அப்பா.

அம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. குமாஸ்தாவிடம்தான் பேசினாள், கறிகாய் விலை கேட்கிற மாதிரி.

"மூணு ஏக்கரும் என் வெள்ளி வளையலை வித்து, என் பேர்ல வாங்கினது ஐயா. சண்டை வந்தா போதும், 'என் நிலத்தை விட்டுப் போடி'ன்னுவாரு. எனக்குத்தான் இன்னும் கல்யாணமே ஆகலையாமே, அப்போ என் நிலத்துல இத்தனை வருஷமா படுத்துத் தூங்கற இந்த ஆம்பளை யாருன்னு முதல்ல அவரையே கேட்டுச் சொல்லுங்க."